நிற்கப் பழகாத கால்கள்

பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஹேண்ட்பால் ஆட்டத்தில், முதல் டிவிஷன் அணிக்கு நான் தேர்வானபோது எனக்கு 20 வயது. சீசன் தொடங்க மூன்று மாதம் இருந்தது. உடம்பைத் தயார் செய்துகொண்டு போகவேண்டும் என்று யாரிடமும் கேட்காமல் நானே ஒரு திட்டம் போட்டேன். வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு 10 கிலோமீட்டர் ஓட்டம். மழை பெய்தாலும் விடவில்லை. மூன்றாவது மாதம் முடியும்போது அந்த 10 கிலோமீட்டரை 43 நிமிடத்தில் ஓடினேன். அணியிலேயே மூச்சு அதிகம் உள்ளவன் நான்தான் என்ற நம்பிக்கையோடு முதல் மேட்சில் இறங்கினேன்.

18-ஆவது நிமிடத்தில் கால்கள் விட்டுப்போயின. மூச்சு வாங்கவே இல்லை, அதுதான் எனக்குப் புரியவில்லை. தொடையின் முன்பக்கம் மட்டும் கல்லாக இறுகிவிட்டது. டிஃபென்ஸில் பக்கவாட்டில் ஓரடி வைத்து நிற்கவேண்டிய இடத்தில், நிற்க முடியாமல் இன்னும் அரையடி சறுக்கிப் போனேன். அந்த அரையடி இடைவெளியில் எதிரணியின் பேக், அதாவது பின்வரிசைத் தாக்குதல்காரன், நுழைந்து கோல் போட்டான். அடுத்த தாக்குதலிலும் அதே இடம், அதே அரையடி. கோச் ஒன்றும் சொல்லாமல் என்னை வெளியே அழைத்துக்கொண்டார்.

மறுநாள் அணியின் உடற்பயிற்சியாளர் என்னை வீடியோ முன்னால் உட்காரவைத்து ஒரு தாளும் பேனாவும் கொடுத்தார். "ஓடினதை விடு. நீ எத்தனை தடவை நின்னேன்னு எண்ணு" என்றார். வேகமாக வந்து சட்டென்று நின்றது, நின்ற இடத்தில் திசை மாறியது, விழுந்து எழுந்தது, நெஞ்சோடு நெஞ்சு மோதியது என்று நான்காகப் பிரித்துக் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். 18 நிமிடத்துக்கு 112 கோடு. ஓடிய தூரம் ஒன்றேகால் கிலோமீட்டர்கூட இல்லை. மூன்று மாதமும் நான் பழகியது அந்த ஒன்றேகால் கிலோமீட்டருக்கு. 112 கோட்டுக்கு ஒரு நாள்கூடப் பழகவில்லை.

ஹேண்ட்பாலைத் தூரத்தை வைத்து அளப்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள தளம். 30 நிமிடமாக இரண்டு பாதி. உயர்மட்ட ஆட்டத்தில் முழு நேரமும் களத்தில் நிற்கும் ஒருவர் ஏறக்குறைய 3.5 முதல் 4 கிலோமீட்டர் வரை போகிறார். கால்பந்தில் நடுக்களத்தில் ஆடுபவர் 10, 12 கிலோமீட்டர் ஓடுகிறார். ஹேண்ட்பாலின் அந்தக் கொஞ்சத் தூரத்திலும் வேக ஓட்டம் பத்தில் ஒரு பங்குகூட வராது. நேரக் கணக்குப் பார்த்தால் நிற்பதும் நடப்பதும்தான் அதிகம். தாளில் பார்ப்பவருக்கு இது சுலபமான விளையாட்டாகத்தான் தெரியும். எங்கள் அணியில் நெஞ்சுப் பட்டை கட்டி அளந்தபோதோ, நாங்கள் "நடந்துகொண்டிருந்த" நேரத்திலும் இதயத் துடிப்பு இறங்கவே இல்லை. சில வினாடிக்கு ஒருமுறை உடம்பு ஏதாவது ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்கு மாறுகிறது. பின்னால் ஓடுகிறோம், நிற்கிறோம், பக்கவாட்டில் போகிறோம், தள்ளுகிறோம், தாவுகிறோம், தரையிறங்குகிறோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பிரேக் போடவேண்டும். பிரேக் போடும்போது தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. தசை இழைகள் நுண்ணளவில் கிழிவது அதிகமும் அப்போதுதான். இரண்டு நாள் கழித்து வரும் வலி அங்கிருந்துதான் வருகிறது.

2022-இல் வந்த விதி மாற்றங்கள் இதை இன்னும் இறுக்கிவிட்டன. முன்பெல்லாம் கோல் வாங்கினால் நடுக்கோட்டுக்கு மெதுவாக நடந்து வந்து மூச்சு விட்டுக்கொள்ளலாம். இப்போது நடுவில் 4 மீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம். வீசுபவர் அதற்குள் நகர்ந்துகொண்டே ஆட்டத்தைத் தொடங்கலாம். அதனால் கோல் போட்ட அணி கொண்டாடி முடிப்பதற்குள் பந்து அவர்கள் கோல் பக்கம் வந்துவிடுகிறது. நேரம் கடத்துகிறார்கள் என்று நடுவர் கை தூக்கி எச்சரித்த பின், கோலுக்கு எறிவதற்குள் முன்பு 6 பாஸ் கொடுக்கலாம், அதை 4 ஆக்கிவிட்டார்கள். ஓய்வு எடுத்துக்கொண்டிருந்த சந்துகள் ஒவ்வொன்றாக அடைபட்டுவிட்டன. நல்ல மாற்றங்கள்தான், ஆட்டம் பார்க்க அருமையாக இருக்கிறது. பழைய பயிற்சித் திட்டத்தை வைத்துக்கொண்டு இந்த ஆட்டத்தை ஆட முடியாது, அவ்வளவுதான்.

சரி, நிற்பதற்கு எப்படிப் பழகுவது? எனக்குச் சொல்லித் தந்தது மிக எளிமையான ஒன்று. 10 மீட்டர் ஓடி, கோட்டில் இரண்டே அடியில் நின்று, இரண்டு வினாடி அசையாமல் இருக்கவேண்டும். முதல் இரண்டு வாரம் அரை வேகம்தான். முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா, இடுப்பு இறங்குகிறதா, குதிகால் தரையை அறைகிறதா என்று ஒருவர் எதிரில் நின்று பார்க்கவேண்டும். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம், களைத்த கால் பொய் சொல்லும். அது சரியானதும் பக்கவாட்டில் 3 மீட்டர். அதுவும் சரியானதும், நிற்கும் கணத்தில் இன்னொருவர் தோளில் தள்ளுவார். ஆட்டத்தில் யாரும் நம்மைச் சும்மா நிற்க விடப்போவதில்லை என்பதால் இந்தக் கடைசிப் படி கட்டாயம்.

ஜிம்மில் கவனம் முழுக்க இறங்குவதில்தான் இருந்தது. ஒற்றைக்கால் ஸ்குவாட்டில் நான்கு வினாடி எடுத்து மெதுவாக இறங்குவோம், ஏறுவது எப்படி ஏறினாலும் சரி. பெட்டியிலிருந்து குதித்து ஒற்றைக்காலில் சத்தமில்லாமல் தரையிறங்குவோம். அப்புறம் நார்டிக். மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை விறைப்பாக வைத்தபடி முன்பக்கம் மெல்லச் சாய்வது. பின்தொடைக்கு இதைவிட நேர்மையான பயிற்சி எனக்குத் தெரியாது. தொடங்குபவர்கள் 5 தடவையாக இரண்டு சுற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் வாரம் மூன்று நாள் வலிக்கும். அதற்குப் பயந்து இரண்டாவது வாரம் விட்டுவிடாதீர்கள், இரண்டாவது வாரம் பாதிதான் வலிக்கும். மேட்சுக்கு முந்தைய இரண்டு நாளில் மட்டும் செய்யாதீர்கள்.

நீண்ட ஓட்டத்தை வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் அரைமணி நேரமாகக் குறைத்தார்கள். அதற்குப் பதில் 15 வினாடி வேகம், 15 வினாடி மெதுவோட்டம் என்று 8 நிமிடம், கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு 8 நிமிடம். மற்ற நாள்களில் சின்னத் தளத்தில் மூவருக்கு மூவர் ஆட்டம். மூச்சும் பழகும், நிற்பதும் பழகும், முட்டுவதும் பழகும். அந்தச் சீசன் முடிவில் நான் மறுபடி 10 கிலோமீட்டர் ஓடிப் பார்த்தேன், 45 நிமிடம் ஆனது. மேட்சில் மட்டும் 50-ஆவது நிமிடம் வரை அந்த அரையடிச் சறுக்கல் வரவில்லை.

இந்தப் பயிற்சிகளைப் பற்றிப் பேசும்போது ஓஸ்லோ ஆய்வாளர்கள் நார்வேயில் நடத்திய ஆய்வைச் சொல்லாமல் விடமாட்டேன். 2005-இல் வெளிவந்தது. 15 முதல் 17 வயது ஹேண்ட்பால் பிள்ளைகள் 1,837 பேர். ஒரு பகுதி அணிகள் மட்டும் வார்ம்-அப்பிலேயே தரையிறங்குவது, திரும்புவது, சமநிலை, கால் வலு ஆகியவற்றை ஒழுங்காகச் செய்தன. ஒரே சீசனில் முழங்கால், கணுக்கால் காயங்கள் மற்ற அணிகளைவிட ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. இந்த விளையாட்டில் முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழிவது பெரும்பாலும் யாரும் மோதாமலே நடக்கிறது. போக்குக் காட்டித் திரும்பும்போதும், ஒற்றைக்காலில் தரையிறங்கும்போதும்தான். பெண்களுக்கு இந்த ஆபத்து ஆண்களைவிட அதிகம். அப்படியிருந்தும் வார்ம்-அப் என்றால் இரண்டு சுற்று ஓடி, பந்தை எடுத்துக் கோலில் அடிக்கும் அணிகளை இன்றும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. 15 நிமிடம் செலவழித்தால், காயத்தில் போகக்கூடிய ஒரு பெண்ணின் ஒன்பது மாதத்தைக் காப்பாற்றலாம்.

என் உடம்பில் முதலில் உடைந்தது முழங்கால் இல்லை, தோள்.

ஆறாவது சீசன். லெஃப்ட் பேக்காக ஆடிக்கொண்டிருந்தேன். ஆண்கள் பந்து 425 முதல் 475 கிராம். அதைத் தாவி, காற்றில் உடம்பை முறுக்கி, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் எறிகிறோம். எறிவதைவிட, எறிந்த கையை நிறுத்துவதுதான் தோளுக்குக் கஷ்டம். இங்கேயும் அதே பிரேக் கதைதான். கையைச் சுழற்றிவிடும் முன்பக்கத் தசைகள் ஆண்டுக்கு ஆண்டு வலுத்துக்கொண்டே போகின்றன. அதைப் பிடித்து நிறுத்தவேண்டிய பின்பக்கச் சின்னத் தசைகளை யாரும் கவனிப்பதில்லை. சீசன் நடுவில் மூன்று வாரம் இடைவெளி வந்தது. பந்தையே தொடவில்லை. திரும்பி வந்த வாரம் முக்கியமான மேட்ச் என்பதால் பழைய அளவிலேயே எறிந்தேன். நான்காவது நாள், கையைப் பின்னால் ஓங்கும்போது தோளின் பின்பக்கம் ஊசி குத்தியதுபோல ஒரு வலி.

ஐந்து வாரம் மறைத்தேன். இதை எழுதும்போதுகூட மனது கனக்கிறது. வார்ம்-அப்புக்கு 10 நிமிடம் முன்னாலேயே போய்த் தோளைச் சூடாக்கிக்கொள்வேன். அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. தொலைவிலிருந்து எறிவதைத் தவிர்த்து பாஸ் கொடுப்பேன், கோச் அதை நல்ல ஆட்டம் என்று பாராட்டினார். ஒரு நாள் காலை சட்டைக்குள் கை நுழையவில்லை. பிசியோ அக்காவிடம் போய் நின்றேன். பரிசோதித்துவிட்டு, "எத்தனை வாரமா?" என்று மட்டும் கேட்டார். ஐந்து என்றேன். "முதல் வாரமே வந்திருந்தா பத்து நாள். இப்ப நாலு மாசம்" என்றார். நான்கு மாதம்தான் ஆனது, ஒரு நாள் குறையவில்லை.

அதன் பிறகு எறிவதை எண்ணத் தொடங்கினேன். முழு வேக எறிதல், பாதி வேக எறிதல் என்று இரண்டு எண் போதும், பயிற்சி முடிந்ததும் குறித்துவைத்தால் வாரக் கணக்கு கிடைத்துவிடும். இடைவெளிக்குப் பிறகு முதல் வாரம் பழைய அளவில் பாதி, அப்புறம் வாரம் வாரமாகக் கொஞ்சம் ஏற்றுவது. ரப்பர் பட்டையை வைத்துக் கையை வெளிப்பக்கம் சுழற்றுவது, தண்டால் எடுத்து மேலே வந்ததும் தோள்பட்டை எலும்புகளை இன்னும் ஒருமுறை முன்னே தள்ளுவது, நெஞ்சுக்கூட்டை இரண்டு பக்கமும் திருப்புவது. எல்லாம் சேர்த்து 10 நிமிடம், வாரத்தில் மூன்று நாள். 2017-இல் நார்வேயில் உயர்மட்ட அணிகளிடம் இதே அளவிலான ஒரு வார்ம்-அப்பை ஒரு சீசன் முழுக்கச் சோதித்தபோது தோள் பிரச்சினை வரும் வாய்ப்பு 28 விழுக்காடு குறைந்தது. என் ஆறாவது சீசனில் அப்படி ஒன்று கையில் இருந்திருந்தால் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

திரும்பி வந்தபோது கோச் என்னை பைவட் ஆக்கினார். கோலைச் சுற்றிப் போட்ட 6 மீட்டர் கோட்டில், எதிரணி டிஃபென்ஸுக்கு நடுவில், கோலுக்கு முதுகு காட்டி நிற்கும் இடம். ஓட்டம் குறைவு, அதனால் சுலபம் என்று நினைத்தேன். முதல் பயிற்சியிலேயே அந்த எண்ணம் போய்விட்டது. எங்கள் பழைய பைவட் அண்ணன் ஒருவர் இருந்தார். "கால் அகலமா வை. அவன் தள்ளும்போது எதிர்த்துத் தள்ளாத, அவன் எடை எங்க இருக்குன்னு முதுகால கேளு" என்பார்.

ஒரு தாக்குதலை மட்டும் சொல்கிறேன், 52-ஆவது நிமிடம். என் முதுகில் 105 கிலோ மனிதர். அவருடைய வலது முழங்கை என் விலாவில், இடது கை என் பனியனைக் கொத்தாகப் பிடித்திருக்கிறது. என் இடது கையால் அவர் தொடையைத் தடுத்து வைத்திருக்கிறேன். வலது கையைப் பந்துக்காகத் திறந்து வைத்திருக்கவேண்டும். பந்து இன்னும் 10 மீட்டர் தள்ளி இருக்கிறது. எங்கள் லெஃப்ட் பேக் உள்ளே வருகிறார், அவரைத் தடுக்க வருபவரை மறித்து ஒரு திரை போட நான் ஓரடி நகர்கிறேன், முதுகில் இருப்பவரும் என்னோடு நகர்கிறார். வயிறு, பிட்டம், தொடை எல்லாம் ஒரே நேரத்தில் இறுகி, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்கே தெரியவில்லை. பாஸ் வருகிறது, பிடிமானத்துக்குத் தடவிய பிசின் ஒட்டிய நான்கு விரலில் பந்து சிக்குகிறது. திரும்பவேண்டும், 105 கிலோவையும் சேர்த்துத் திருப்பவேண்டும். திரும்பி, 6 மீட்டர் கோட்டுக்குள் விழுந்துகொண்டே எறிகிறேன். கோல்கீப்பர் காலால் தடுத்துவிட்டார். விழுந்த இடத்திலிருந்து எழுந்து 30 மீட்டர் பின்னோக்கி ஓடவேண்டும், அவர்களின் விங், அதாவது ஓரத்தில் ஆடுபவர், ஏற்கெனவே என்னைத் தாண்டிவிட்டார்.

30 வினாடிதான் இருக்கும். கடிகாரத்தில் இதைச் சேர்த்தால் நான் "நின்றுகொண்டிருந்த" நேரமாகத்தான் பதிவாகும். பைவட்டுக்கு வேண்டியது மல்யுத்த வீரருக்கு வேண்டிய உடம்பு. கழுத்து, முன்கை, இடுப்பு. துண்டை இரும்புக் கம்பியில் போட்டுத் தொங்குவது, ஒருவரை ஒருவர் வட்டத்துக்கு வெளியே தள்ளும் 20 வினாடிப் போட்டி, இரண்டும் எனக்கு எந்த இயந்திரத்தையும்விட உதவின. எல்லாவற்றையும்விட, முட்டும்போது மூச்சை விடப் பழகுங்கள். நான் அதைக் கற்கவே ஒரு வருடம் பிடித்தது.

கோல்கீப்பர்கள் கொஞ்ச தூரமே நகர்கிறார்கள், ஆனால் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் உள்ள கோலில் இடுப்பைப் பிளந்து தாவும் அவர்களுக்கு வேறு பட்டியல். தடுக்கும்போது முழங்கை பின்னோக்கி மடிந்து மடிந்து வரும் வலி அவர்களுக்கே உரியது. அதைப் பற்றி அவர்கள்தான் எழுதவேண்டும்.

பெஞ்சைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். ஹேண்ட்பாலில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி இறங்கலாம். தாக்குதலுக்கு மட்டும் ஒருவர், டிஃபென்ஸுக்கு மட்டும் ஒருவர் என்று ஓடி ஓடி மாறுவோம். இரண்டு நிமிடத் தண்டனையும் உண்டு. ஒன்பதாவது சீசனில் அப்படி இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, நேரம் முடிந்த கணத்தில் ஃபாஸ்ட் பிரேக் என்னும் திடீர் எதிர்த்தாக்குதலுக்குப் பாய்ந்தேன். நான்காவது அடியில் பின்தொடை பட்டென்று விட்டது. ஆறு வாரம். தண்டனையில் எழுந்து ஓட முடியாதுதான். உட்கார்ந்தபடியே குதிகாலைத் தட்டலாம், தொடையை இறுக்கி விடலாம், மேல்சட்டை போட்டுச் சூட்டைக் காக்கலாம். இடைவேளையிலும் கோச் பேசி முடித்ததும் கடைசி மூன்று நிமிடம் எங்களுக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். குதிப்பு, பக்கவாட்டு ஓட்டம், இரண்டு முழு வேக ஓட்டம். அதற்குப் பிறகு இரண்டாம் பாதியின் முதல் ஐந்து நிமிடத்தில் கோல் வாங்குவதுகூடக் குறைந்தது.

இனி தொடர் போட்டிகள். ஆண்களுக்கு ஒற்றைப்படை ஆண்டு ஜனவரியில் உலகக் கோப்பை, இரட்டைப்படை ஆண்டு ஜனவரியில் ஐரோப்பியக் கோப்பை. ஐரோப்பாவின் பெரிய ஆட்டக்காரர்களுக்குக் கிளப் சீசனின் நடுவே ஓய்வு என்ற ஒன்றே கிடையாது. 2021-இலிருந்து உலகக் கோப்பையில் 32 அணிகள். 2023-இல் ஜனவரி 11 முதல் 29 வரை 19 நாளில் இறுதிக்கு வந்த அணிகள் 9 மேட்ச் ஆடின. ஒருநாள் விட்டு ஒருநாள் அந்த 105 கிலோ மனிதர் முதுகில் சாய்வதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிரெஞ்சு ஆட்டக்காரர் நிகோலா கராபாட்டிச் 36 வயதில், 2020 அக்டோபரில், முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார். அடுத்த ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்காகத் தங்கம் வென்றார், 40 வயதுவரை ஆடினார். எல்லோரும் அந்தத் தங்கத்தைப் பேசுவார்கள். நடுவில் போன அந்தப் பத்து மாதத்தின் ஒவ்வொரு காலையையும்தான் நான் நினைத்துப் பார்ப்பேன்.

எங்கள் அளவில் ஆறு நாளில் ஐந்து மேட்ச் ஆடியிருக்கிறோம். அங்கே பயிற்சி என்று எதுவும் கிடையாது, மீள்வதுதான் வேலை. மேட்ச் முடிந்த அரைமணி நேரத்துக்குள் மாவுச்சத்தும் புரதமும் உள்ள ஏதாவது உள்ளே போகவேண்டும், பசி இல்லாவிட்டாலும். மேட்சுக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் கணக்கில் படிப்படியாகக் குடித்தோம். இரவு மேட்ச் முடிந்த அன்று தூக்கம் வராது, படபடப்பு இறங்க மணிக்கணக்காகும். அதனால் காலைக் கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டோம். கிடைத்தது. கேட்டால் கிடைக்கும் விஷயங்கள் நிறைய இருக்கின்றன, நாம்தான் கேட்பதில்லை.

இன்னொன்று, பயிற்சி முடிந்து அரைமணி கழித்து அது எவ்வளவு கடினமாக இருந்தது என்று 1 முதல் 10-க்குள் ஒரு எண் சொல்லி, அதை நிமிடத்தால் பெருக்குவது. 90 நிமிடப் பயிற்சிக்கு 7 என்றால் 630. கருவி எதுவும் வேண்டாம். வாரக் கூட்டுத்தொகை திடீரென்று எகிறினால் அடுத்த வாரம் யாராவது ஒருவர் பிசியோ மேசையில் இருப்பார், எங்கள் நோட்டில் பலமுறை பார்த்தது. எண்ணைச் சொல்லும்போது பக்கத்தில் கோச் நிற்கக் கூடாது. நின்றால் எல்லோரும் 5 என்பார்கள்.

இப்போது நான் ஆடுவதில்லை, இளையோர் அணிக்கு உடற்பயிற்சி பார்க்கிறேன். மேட்சுக்கு மறுநாள் காலை அவர்கள் வருவதற்கு முன்பே அரங்கத்தின் படிக்கட்டுக்குக் கீழே போய் நின்றுகொள்வேன். அவர்கள் படி ஏறுவதைப் பார்ப்பதில் பயனில்லை, கெட்டுப்போன காலோடும் ஏறிவிடலாம். மேலே உடை மாற்றிக்கொண்டு கீழே இறங்கி வருவார்களே, அதைத்தான் பார்ப்பேன். போன வாரம் பதினான்கு பேரில் ஒன்பது பேர் பேசிக்கொண்டே இறங்கினார்கள். மூவர் ஒவ்வொரு படியிலும் ஒரு கணம் நின்றார்கள். இருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி இறங்கினார்கள். அந்த இருவரிடமும் எதுவும் கேட்கவில்லை. அன்றைய தாளில் அவர்கள் பெயருக்கு நேரே இருந்த பிரேக் பயிற்சியை அடித்துவிட்டு, சைக்கிள் 20 நிமிடம் என்று எழுதினேன்.